காக்காவுக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடம் பற்றி

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நியூ ஜெர்சிக்குக் குடிவந்ததும் பிள்ளையை இங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கலாம் என்றதற்கு மச்சி தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். நம் ஊர் கீழக்கரைக் கணக்கை இங்கே போட வேண்டாம். நியூ ஜெர்சியின் புறநகர்களில் டாக்டர் பிள்ளையும் டிரைவர் பிள்ளையும் பெரும்பாலும் போவது ஊரின் அந்த ஒரே உயர்நிலைப் பள்ளிக்குத்தான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை கட்டணம் கிடையாது. வீட்டு வரியில் ஏறக்குறைய பாதி பள்ளிக்கே போகிறது. அதனால் பிள்ளை இல்லாதவர்கூடக் கணக்குக் கேட்பார். பெரும்பாலான ஊர்களில் பள்ளி வாரியத்தை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டத்தில் யாரும் எழுந்து பேசலாம். வெள்ளி இரவு பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் என்றால் ஊரே அங்கேதான். 2012இல் சாண்டி புயல் அடித்தபோது கடலோர ஊர்களில் சனங்கள் தங்கியதும் உயர்நிலைப் பள்ளிகளில்தான். நம் கரையிலும் புயலென்றால் பள்ளிக்கூடத்தைத்தானே திறந்துவிடுகிறோம்.

சேர்க்க வீட்டு வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல் வேண்டும். முகவரி அந்த ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு வேறு ஊராக இருந்தால் பள்ளியும் வேறு. ஆகவே பள்ளியைப் பார்த்துவிட்டு வீடு பிடியுங்கள்.

சிக்கல் வருவது தடுப்பூசி அட்டையில். நம் சுகாதார நிலையத்தில் போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். இங்கே பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். கேட்பார்கள். இங்கே கேட்கும் சின்னம்மை ஊசியும், மெனிங்கோகாக்கல் என்ற மூளையுறைக் காய்ச்சல் ஊசியும் அரசு அட்டையில் இருக்காது. ராமநாதபுரத்தில் குழந்தை டாக்டரிடம் இப்போதே போட்டு, முத்திரையோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 05.07 என்றிருந்தால் இங்கே மே 7 என்றுதான் படிப்பார்கள்.

அடுத்தது கணக்குப் பாடம். நம் மதிப்பெண் பட்டியலில் ‘கணிதம்’ என்று ஒரே வரிதான் இருக்கும். இங்கே அல்ஜீப்ரா ஒரு வருடம், ஜியாமெட்ரி ஒரு வருடம் எனத் தனித்தனி. பிள்ளை எதுவரை படித்தாள் என்று தெரியாவிட்டால் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்கள், ஒரு வருடம் வீண். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பைக் கையோடு கொண்டுவந்து, பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலரிடம் காட்டுங்கள். தேறி வெளியேற, பாடங்களை முடித்தால் சேரும் கிரெடிட் என்ற புள்ளி மொத்தம் 120 வேண்டும். கவுன்சிலர்தான் அதற்குக் கணக்கு வைப்பவர். அவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போவதில் கூச்சப்படக் கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். வருமானம் குறைவென்றால் படிவம் நிரப்பினால் இலவசம். ஹலால் பெரும்பாலும் கிடைக்காது, பீட்சாமேல் வைக்கும் பெப்பரோனி என்ற இறைச்சித் துண்டில் பன்றி இறைச்சி இருக்கலாம். சோறு கட்டிக் கொடுத்துவிடுவதே நல்லது. வீடு இரண்டரை மைலுக்கு அப்பால் இருந்தால் மஞ்சள் பஸ் வரும்.

தடுப்பூசி அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், விட்டுப்போனதைப் பார்த்துச் சொல்கிறேன். உம்மாவுக்கும் மச்சிக்கும் சலாம்.

அன்புத் தம்பி