சிபிடி எண்ணெய் பாட்டிலை வீட்டில் எங்கே வைப்பது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்னையில் கத்திரி வெயில் தொடங்கும்போதெல்லாம் எங்கள் கடைக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "நாய்க்கு வாங்கிய சிபிடி எண்ணெயை ஃபிரிட்ஜில் வைக்கலாமா, கூடாதா?" சிபிடி என்பது கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத ஒரு பொருள், மூட்டுவலி போன்றவற்றுக்காக அதை எண்ணெயில் கரைத்து நாய்க்குக் கொடுக்கிறார்கள். போனில் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைப்போம். ஆனால் எல்லா பாட்டிலுக்கும் ஒரே பதில் பொருந்தாது. பாட்டில் சிறியது, விலை பெரியது, வீணாகப் போனால் மனசு கேட்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறோம்.

ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் லேபிளைப் படியுங்கள். 30 மி.லி. பாட்டிலில் 300 மில்லிகிராம் சிபிடி என்று போட்டிருந்தால், ஒரு மி.லி.க்கு 10 மில்லிகிராம். அதாவது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் சிபிடி. மற்றதெல்லாம் அதைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய். பெரும்பாலும் முதலில் கெடுவது அந்த எண்ணெய்தான். அது எந்த எண்ணெய் என்று தெரிந்தால், பாட்டிலை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

எம்.சி.டி. எண்ணெய் என்று இருந்தால் கவலை குறைவு. தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது அது. எளிதில் சிக்குப் பிடிக்காது, ஃபிரிட்ஜில் வைத்தாலும் உறையாமல் திரவமாகவே இருக்கும். வெறும் தேங்காய் எண்ணெய் என்றால் கதை வேறு. 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகிவிடும், டிராப்பரில் ஏறாது. ஆலிவ் எண்ணெயும் குளிரில் கலங்கித் திப்பி திப்பியாகும். பயப்பட வேண்டாம், வெளியே எடுத்து வைத்தால் பழையபடி தெளிந்துவிடும்.

சணல் விதை எண்ணெயில்தான் கவனம் வேண்டும். கடைகளில் ஹெம்ப் சீட் ஆயில் என்று கேட்பீர்களே, அது. கோணி நெய்யும் சணல் இல்லை, கஞ்சா இனச் செடியின் விதை. இதில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம், அதோடு ஆளி விதையில் இருக்கும் ஒமேகா 3 வகையும் கணிசமாக உண்டு. உடம்புக்கு நல்லதுதான். ஆனால் இந்தக் கொழுப்புகள்தான் காற்றுப் பட்டால் சீக்கிரம் காறிப்போகும். திறந்த பிறகு ஃபிரிட்ஜ்தான் இதற்கு இடம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். விதையில் சிபிடி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. "ஹெம்ப் ஆயில்" என்று பெரிய எழுத்தில் போட்டு, சிபிடி எத்தனை மில்லிகிராம் என்று எங்கேயும் போடாத பாட்டில் இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. அது வெறும் விதை எண்ணெயாகத்தான் இருக்கும். சோற்றில் கலந்து கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் மூட்டுவலிக்கு என்று நம்பி அந்த விலை கொடுக்காதீர்கள்.

நல்லெண்ணெய் நம் வீடுகளிலேயே நாள்பட நிற்கும் எண்ணெய். எள்ளில் உள்ள சிசமால் போன்ற பொருள்கள் அதைக் காறவிடாமல் காக்கின்றன. மனிதர்களுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்காக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் அனுமதித்த எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி மருந்தும் நல்லெண்ணெயில்தான் கரைக்கப்பட்டது. அதன் லேபிளில் இருக்கும் மூன்று வரி நம் கேள்விக்கு ரொம்பப் பொருத்தம்: 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் நிமிர்த்தி வைக்கவும், ஃபிரிட்ஜிலோ ஃப்ரீசரிலோ வைக்கக் கூடாது, திறந்த 12 வாரத்துக்குள் பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரு மருந்து நிறுவனமே திறந்த பாட்டிலுக்கு 12 வாரம்தான் கெடு கொடுக்கிறது. அப்படியிருக்க, நாய் எண்ணெய் பாட்டிலில் "இரண்டு ஆண்டு" என்று அச்சடித்திருப்பதைத் திறக்காத பாட்டிலுக்கான கணக்காக மட்டும் எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வெளிநாட்டு லேபிள்களில் வரும் "அறை வெப்பநிலை" என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். அது மேலே சொன்ன 20–25 டிகிரி. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மாடி வீட்டு அறை அந்தப் பக்கமே போகாது. அதனால் எங்கள் யோசனை இதுதான். எம்.சி.டி. எண்ணெய் மார்ச் முதல் ஜூலை வரை ஃபிரிட்ஜில் இருக்கட்டும், திறந்த சணல் விதை எண்ணெய் ஆண்டு முழுக்கவே அங்கே இருக்கட்டும். ஃபிரிட்ஜில் வைக்காதே என்று லேபிளே சொல்லியிருந்தால், வீட்டுக்குள் வெயில் படாத அறையில், பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். இரவில் ஏசி ஓடும் அறையாக இருந்தால் இன்னும் நல்லது. லேபிள் ஒன்று சொல்லி, நாங்கள் ஒன்று சொன்னால், லேபிள் சொல்வதைக் கேளுங்கள்.

ஃபிரிட்ஜில் வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கதவுத் தட்டில் வேண்டாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அங்கேதான் சூடு ஏறி இறங்கும். உள்ளே, இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு மூலை போதும். வெளியே எடுத்த பாட்டிலின் மேல் நம் ஊர் ஈரக் காற்றில் உடனே நீர் கோக்கும். அந்தத் துளி கழுத்து வழியாக உள்ளே இறங்கிவிடக் கூடாது. துணியால் துடைத்துவிட்டுத் திறங்கள், கொடுத்த கையோடு மூடி உள்ளே வையுங்கள். கெட்டியாகியிருந்தால் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், இல்லையா, வெதுவெதுப்பான நீரில் நிற்க வையுங்கள். மைக்ரோவேவ், அடுப்பு இரண்டும் ஆகவே ஆகாது.

வெயில் சூட்டைவிட வெளிச்சம் மோசம். 1976-லேயே லண்டனில் கஞ்சாச் செடியின் சாறுகளை வைத்து ஆராய்ந்தவர்கள், அதன் சத்து குறைவதற்கு மிகப் பெரிய காரணம் வெளிச்சம்தான் என்று கண்டார்கள். இருட்டில், 20 டிகிரிக்கு மிகாமல் வைத்தவை நன்றாகவே தாக்குப் பிடித்தன. பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து வருவது அதற்காகத்தான். பழுப்புக் கண்ணாடியும் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர முழுக்கத் தடுக்காது. ஆகவே அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பாட்டில் அதற்குள்ளேயே இருக்கட்டும். ஜன்னல் ஓரம், டிவி ஸ்டாண்டு, விளக்கு எரியும் பூஜை அலமாரி, அடுப்புக்கு மேலே உள்ள தட்டு, சூடு கக்கும் ஃபிரிட்ஜின் தலை, இவையெல்லாம் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் போய்விட்டு வரும் வழியில் கார் டேஷ்போர்டில் மறந்து வைத்துவிட்டுப் போவதும் அடிக்கடி நடக்கிறது. மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே என்ன சூடு என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது காற்று. பாட்டில் குறையக் குறைய உள்ளே காற்று கூடும். சிபிடி ஆக்சிஜனோடு சேரும்போது குயினோன் என்ற வகைப் பொருள்களாக மாறும். நிறம் ஊதா கலந்தோ பழுப்பாகவோ மாறுவது இதனால்தான். டிராப்பர் மூடியை இறுக்கமாகத் திருகுங்கள். பாட்டில் எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும். படுக்கப் போட்டால் எண்ணெய் மேலே உள்ள ரப்பரில் ஊறி, ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும்.

அப்புறம் வாய். கண்ணாடி டிராப்பரை நேராக நாயின் கடைவாயில் விட்டு, அது நக்க நக்கக் கொடுத்துவிட்டு, அப்படியே பாட்டிலுக்குள் செருகுகிறோம். எச்சிலும் சோற்றுத் துணுக்கும் கிருமியும் எண்ணெய்க்குள் போய்விடுகின்றன. நாய் கடித்தால் கண்ணாடி உடையும் என்பது தனி ஆபத்து. ஒரு ஸ்பூனிலோ பிஸ்கட்டின் மேலோ சொட்டுவிட்டுக் கொடுங்கள். வாயில்தான் விட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்துக் கொடுங்கள். டிராப்பர் தவறிப்போய் எதிலாவது பட்டுவிட்டால் கழுவி, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் காய்ந்த பிறகே உள்ளே போக வேண்டும்.

இப்போது எங்கள் வியாபாரத்துக்கே கொஞ்சம் பாதகமான ஒரு கணக்கு. உங்கள் லாப்ரடாருக்கு ஒரு வேளைக்கு அரை மி.லி., நாளுக்கு இரண்டு வேளை என்று மருத்துவர் எழுதியிருந்தால் 30 மி.லி. பாட்டில் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். கெடுவதற்கு நேரமே இல்லை. அதே பாட்டிலை ஒரு பொமரேனியனுக்கு வேளைக்கு 0.1 மி.லி. வீதம் கொடுத்தால் 150 நாள் வரும். 12 வாரம் என்பது 84 நாள்தான். கடைசிச் சொட்டுகள் தொடக்கத்தில் இருந்த எண்ணெயாக இருக்காது. சின்ன நாய், பூனை வைத்திருப்பவர்கள் 10 மி.லி. பாட்டிலே வாங்குங்கள். மி.லி. கணக்கில் பார்த்தால் விலை கூடத்தான் தெரியும். கொட்டப்போகும் எண்ணெயையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். திறக்கும் அன்றே அட்டைப் பெட்டியில் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள்.

கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கை நம்பலாம். புதிய எண்ணெயில் பச்சிலை வாசமோ, எந்த வாசமும் இல்லாமலோ இருக்கும். சிக்கு வாடை அடித்தால், நாக்கில் வைத்தால் காறலாக இருந்தால், கொடுக்க வேண்டாம். இத்தனை நாள் ஆசையாக நக்கிய நாய் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். நம்மைவிட அதற்கு மோப்பம் அதிகம். சத்து குறைந்ததை மட்டும் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது.

"பழசாகிவிட்டது, வேகம் குறைந்திருக்கும், ரெண்டு சொட்டு கூட விடுவோம்" என்று சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எவ்வளவு குறைந்தது என்று ஆய்வகம் இல்லாமல் யாருக்கும் தெரியாது. அடுத்த புதிய பாட்டில் வந்ததும் பழகிய கை அதே கூடுதல் சொட்டை விடும். நாய்களுக்குச் சிபிடி கொடுத்துச் செய்த ஆய்வுகளில் ஈரல் நொதி ஒன்று ரத்தத்தில் ஏறுவது பதிவாகியிருக்கிறது. 2018-ல் கார்னெல் பல்கலைக்கழகம் மூட்டுவலி நாய்களிடம் நல்ல பலன் கண்ட ஆய்விலும் இது இருந்தது. வலிப்புக்கு ஃபினோபார்பிட்டால் சாப்பிடும் நாய் என்றால் அளவை நீங்களாக மாற்றவே கூடாது.

"பழைய சிபிடி எண்ணெய் போதை எண்ணெயாக மாறிவிடுமா?" என்றும் சிலர் கேட்டார்கள். ஆய்வகத்தில் கடுமையான அமிலம் சேர்த்தால் சிபிடியை, கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி ஆக்க முடியும் என்பது உண்மை. அந்தச் செய்தியிலிருந்து வந்த பயம் இது. உங்கள் அலமாரியில் எண்ணெய்க்குள் இருக்கும்போது அப்படி நடக்காது.

அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் மனிதர்களுக்கான பாட்டிலை வாங்கி வந்து, "இதையே டாமிக்கும் கொடுக்கலாமா" என்று கேட்பதும் உண்டு. கொடுக்காதீர்கள். இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருந்தால் அது நாய்க்கு விஷம். புதினா எண்ணெய் சேர்த்தது பூனைக்கு ஆகாது. டிஎச்சி கலந்ததாக இருந்தால் நாய் தள்ளாடும், தன்னையறியாமல் சிறுநீர் சொட்டும், அதோடு உங்களுக்குச் சட்டச் சிக்கலும் வரும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் செடியின் பூக்கும் நுனிகளையும் பிசினையும் தடை செய்கிறது. தனியாக உள்ள இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வரவில்லை. இலையிலிருந்து செய்த தயாரிப்பையும் நாங்கள் மருத்துவர் சீட்டு பார்த்தே தருகிறோம். சிங்கப்பூருக்குக் குடிபோகிறவர்கள் இந்தப் பாட்டிலைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அங்கே சிபிடிக்கும் அனுமதி இல்லை.

கோழி வாசம் சேர்த்த எண்ணெய் என்றால் நாய் மூடியைக் கடித்தே திறக்கும், கைக்கு எட்டாத உயரம் முக்கியம். முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடமோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். லேபிளைப் பார்த்தால்தான் அவர்களுக்கு விவரம் புரியும்.

மென்று தின்னும் சிபிடி துண்டுகள் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி: அவற்றுக்கு வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆகாது, பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கெட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டு, நாய் கிளறாதபடி கட்டிக் குப்பையில் போடுங்கள்.

எங்கள் பக்கம் செய்வது இது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெள்ளி, சனிக்கிழமைகளில் கூரியர் அனுப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தகரக் கூரைக் கிடங்கில் பாட்டில் கிடக்கும் என்பதால். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் பார்சலை வாசல் செக்யூரிட்டியிடம் மாலை வரை விட்டுவைக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் உடைக்காத பாட்டிலைத் திறந்த அன்றே சிக்கு வாடை அடித்தால், பெட்டியோடும் பில்லோடும் கொண்டு வாருங்கள். பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு வேறு பாட்டில் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடையிலிருந்து