இரண்டாம் பருவ நிறைவு மடலும் லூப்பர் பெட்டிகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நிறைவுக்கு வந்துவிட்டது. தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டு விழா, பேச்சுப் போட்டி, நூலக வாரம் என எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகப் பங்கேற்றார்கள். பரிசு பெற்ற அனைவருக்கும் வாழ்த்துகள். விடைத்தாள்களை வழக்கம்போல வகுப்பாசிரியர்களிடம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பருவத்தில் பள்ளி முழுக்கப் பேசப்பட்டது மின்னணுவியல் மன்றத்துப் பிள்ளைகள் செய்த லூப்பர்தான். ஒரு சிறு ஒலியைப் பதிந்து, அதையே நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி ஒலிக்கும் பெட்டி. உங்கள் வீட்டிலும் இந்நேரம் ஒன்று இருக்கலாம். ஐஎஸ்டி1820 என்ற சிப் பொருத்திய, உள்ளங்கைக்குள் அடங்கும் பலகை. அதிலேயே ஒரு குட்டி மைக். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று. மூன்று பென்சில் பேட்டரி. அவ்வளவுதான். பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை சிவப்பு விளக்கு எரியும், 10 விநாடி வரை பதியும்.

செய்வது சுலபம். அழகாகப் பயன்படுத்துவதுதான் கஷ்டம். பதிவின் முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில், பொத்தானிலிருந்து விரலைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் தட்டிப்போகும். நிமிடத்துக்கு 96 தட்டு என்று வைத்துக்கொண்டால் 16 தட்டு சரியாக 10 விநாடியில் முடியும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. வகுத்தல் கணக்கு இவ்வளவு ஆசையாகப் போடப்பட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தை ஒரே வட்டமாக மூடி ரயில் ஓசையைச் சுற்ற வைத்த கதையையும் இசை ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். பலகையில் வேகத்தைத் தீர்மானிக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு (மின்தடைக்கு)ப் பதிலாகத் திருகக்கூடிய ஒன்றைப் போட்டால், பதிந்த குரலை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டலாம். குரல் கீச்சென்று மெலியும், அல்லது கரகரவென்று தடிக்கும். இதைப் பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள்.

சரி, இனி உங்களிடம் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

கடந்த சில வாரங்களாக இந்தப் பெட்டிகளில் கைத்தட்டலும் மேசைத்தட்டலும் மட்டும் பதியப்படுவதில்லை. மனிதர்களின் குரலும் பதியப்படுகிறது, அவர்களுக்குத் தெரியாமல். ஓர் ஆசிரியர் கண்டித்த வாக்கியம் கீச்சுக்குரலாக மாறி இடைவேளையில் வராந்தாவில் ஓடியது. ஒரு வீட்டில் பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது மறுநாள் வகுப்பறையில் ஒலித்தது. எந்த வீடு என்று சொல்லப்போவதில்லை. அந்தப் பெற்றோரிடம் தனியாகப் பேசிவிட்டோம். இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது கொஞ்சம் திக்கும் ஒரு மாணவனின் குரலைப் பதிந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் மேசைக்கடியில் ஓடவிட்டிருக்கிறார்கள்.

வாசிக்கையில் ஒரு சொல்லில் தடுக்கி, சமாளித்து, அடுத்த சொல்லுக்குப் போய்விடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். லூப்பர் அவனை அடுத்த சொல்லுக்குப் போகவே விடவில்லை. செய்த பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. பொத்தானை அழுத்தும்போது எதிரில் இருப்பவர் எப்படி உணர்வார் என்று யோசிக்கும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் நாம்தான் யோசிக்க வேண்டும்.

இதைச் சொன்னபோது, “சும்மா விளையாட்டுக்குத்தானே செய்தான், இதைப் போய்ப் பெரிதுபடுத்த வேண்டுமா?” என்று ஓரிரு பெற்றோர் கேட்டார்கள். அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது விளையாட்டு இல்லை. ஒருவரிடம் கேட்காமல் அவர் குரலைப் பதிவதை இந்தப் பள்ளியில் இனி யாரும் செய்யக் கூடாது. மாணவர் குரல், ஆசிரியர் குரல், பணியாளர் குரல் எதுவானாலும். மீறினால் பெட்டி அலுவலகத்துக்கு வந்துவிடும். பெற்றோர் நேரில் வந்து, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசிய பிறகே திருப்பித் தரப்படும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

உங்களிடம் ஓர் உதவியும் வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் பதிவு அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறீர்கள். அழியாது. மின்சாரம் இல்லாமலே 100 ஆண்டுவரை பதிவு நிற்கும் என்று அந்தச் சிப்பின் தகவல் தாளே சொல்கிறது. மேலே வேறு ஒன்றைப் பதிந்தால்தான் பழையது போகும். அதையும் பாதியில் விட்டுவிடாமல், சிவப்பு விளக்கு தானாக அணையும்வரை பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இன்று இரவு பிள்ளையோடு உட்கார்ந்து பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். யாருடைய குரலாவது இருந்தால், திட்டுவதற்கு முன் “அவங்ககிட்ட கேட்டியா?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு அழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. இந்தச் சிப் 5.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது; 9 வோல்ட் பேட்டரியை இணைக்க வேண்டாம். பழைய செல்போன் பேட்டரியைப் பிரித்தெடுத்துப் பொருத்துவதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சாலிடரிங் செய்யும்போது, அதாவது உலோகத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும்போது, ஜன்னல் திறந்திருக்கட்டும், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

லூப்பருக்குத் தடை விதிக்கச் சொல்லியும் சிலர் எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணம் எனக்கு இல்லை. உடைந்த பொம்மைகளிலிருந்து ஸ்பீக்கர்களைக் கழற்றிக் கொடுத்தனுப்பிய பெற்றோருக்கும், மாலையில் மன்றத்துக்கு வந்து பிள்ளைகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கும், நடந்ததைக் கோபமின்றி எங்களிடம் வந்து சொன்ன அந்த மாணவனின் தாய்க்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் காட்டிய பொறுமையால்தான் மன்றம் தொடர்ந்து நடக்கிறது.

பருவத்தின் கடைசி நாள் மதியம் இசை அறையில் பிள்ளைகள் தங்கள் லூப்பர்களைச் சேர்த்து ஒலிக்கச் செய்கிறார்கள். அனைவரும் வாருங்கள். உங்கள் குரலைத் தரச் சம்மதமென்றால், வாசலில் நிற்கும் மாணவர்கள் கேட்டுவிட்டுப் பதிந்துகொள்வார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்