கதிருக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள கதிருக்கு,

இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை அளவு பரவாயில்லை. சுதாவுக்குக் கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, விவரமாகப் பிறகு எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்குப் பதவி உயர்வு வந்ததை அப்பா ரேஷன் கடை வரிசை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே வேலை என்கிறாய். அந்த வேலையை இந்த வீட்டிலிருந்து செய்யக் கூடாதா? கேட்டால் நெட் சரியில்லை என்பாய். சரி.

இந்த 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி முதல்வர் கிருஷ்ணகிரிப் பக்கம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிவைத்ததிலிருந்து நர்ஸுகளான எங்களுக்கும் வேலை கூடிவிட்டது. 30 வயது தாண்டியவர்களுக்கு வீடு வீடாகப் போய் ஒரு படிவம் நிரப்புகிறோம். புகை உண்டா, மது உண்டா, இடுப்பு எவ்வளவு, வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு உண்டா, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்று தனித்தனியாகக் கேட்கிறோம். ஆனால் இவற்றில் எதுவும் யாரிடமும் தனியாக இருப்பதில்லை, ஒன்றோடு ஒன்று சேர்ந்தே வருகிறது. இந்தக் கொரோனா காலத்தில் அதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

மேலத்தெருவில் உன் வயதுப் பையன் ஒருவன், திருப்பூரில் வேலை போய் வீட்டோடு இருந்தான். முதலில் தூக்கம் போனது. தூக்கத்துக்காகக் குடித்தான். குடித்தால் சீக்கிரம் கண் சொருகும், பாதி ராத்திரியில் விழிப்பு வந்துவிடும். விழித்தவன் சிகரெட்டைப் பற்றவைத்தான். பகல் பன்னிரண்டுக்கு எழுந்து கண்டதைத் தின்றான். வெளியே நடப்பதும் நின்றது. இரண்டாம் அலையில் அவன் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டியபோது ஆக்சிஜன் அளவு 88 என்று காட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. பிழைத்துவிட்டான். எல்லாம் தெரிந்திருந்தும் கேட்கப் பயந்தேன் நர்ஸம்மா என்று அவன் அம்மா அழுதார்.

மறுபக்கமும் உண்டு. சென்ற ஆண்டு மார்ச் கடைசியில் டாஸ்மாக் மூடியபோது கை நடுங்கி, மனம் கலங்கி வந்தவர்களைப் பார்த்தேன்; திடீரென்று நிறுத்துவது எல்லோருக்கும் ஆகாது. தாங்கிக்கொண்ட சிலர் பீடியையும் குறைத்தார்கள், ராத்திரி உறங்கினார்கள், விடியலில் வயலுக்குப் போனார்கள். மே 7ஆம் தேதி கடை திறந்ததும் எல்லாம் சேர்ந்தே திரும்பி வந்தன.

நான் உன்னைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது பதினொன்றரை மணிக்கும் உன் ஜன்னல் திரை மூடியிருந்தது. நெற்றியைத் தேய்த்தாய், விரல் நுனி மஞ்சளாகத் தெரிந்தது. போன் வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கலாம். சின்ன வயதில் உனக்கு மூச்சிழுப்பு வந்து நாங்கள் அலைந்தது உனக்கு நினைவிருக்காது. பெரியப்பா விஷயம் நினைவிருக்கும். புகைப்பவர்களுக்குக் கொரோனா முற்றும் வாய்ப்பு அதிகம் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொன்னார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

அன்று இரவு உன் பெயரிலும் ஒரு படிவம் நிரப்பினேன். வயது 31. அப்பாவுக்குச் சர்க்கரை, ஆம். உடலுழைப்பு, இல்லை. புகை, மது இரண்டுக்கும் எதிரே எதுவும் எழுதவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் அம்மா கோபப்பட மாட்டேன். படிவத்தோடு போகிற வீடுகளில் இதுவரை யாரையும் நான் திட்டியதில்லை, பெற்ற பிள்ளையையா திட்டப்போகிறேன்? எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொல்லவும் மாட்டேன். ஏதாவது ஒன்றில் கை வை, அது போதும் இப்போதைக்கு.

அடுத்த வாரம் அப்பாவைப் பெங்களூருக்கு அனுப்புகிறேன். இரண்டு தடுப்பூசியும் போட்டாயிற்று. பதினைந்து நாள் இருப்பார். வேலை இருக்கிறது என்று மறுக்காதே. காலை ஆறு மணிக்கு நடக்காமல் அவரால் இருக்க முடியாது. கன்னடம் தெரியாது, தெருக்களும் தெரியாது. தனியாக விடாதே, நீயும் உடன் போ.

அன்புடன்,
அம்மா