பிழை காட்டும் வரியில் பிழை இருக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இதழின் கணினிப் பக்கத்தில் வரும் பிஎச்பி (இணையப் பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழி) நிரல்களில் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடுகின்றன. இணையப் பதிப்பிலிருந்து அதை நகலெடுத்து ஒட்டும் மாணவர் திண்டாடிப்போகிறார். பிஎச்பிக்கு வளைந்த குறி மேற்கோளே அல்ல, பெயரில் வரும் ஓர் எழுத்து. அரேயின் (மதிப்புகளின் பட்டியல்) கீயை, அதாவது ஒரு மதிப்பைச் சுட்டும் பெயரை, சுற்றி அது இருந்தால், அப்படியொரு மாறிலி (மாறாத மதிப்புக்கு வைத்த பெயர்) இல்லை என்று 8ஆம் பதிப்பு அங்கேயே நின்றுவிடும்.

பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல்லுக்குள் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எழுதுவோர் அதிகம் தடுமாறுவது மூடும் இடத்தில்தான். பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓடும் லூப்பான ஃபோர்ஈச்சை மூட மறந்தால் பிழைச் செய்தி கோப்பின் கடைசி வரியைக் காட்டும். மூடும் குறி வரும் வரும் என்று கோப்பு முடியும்வரை பிஎச்பி பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். மூடாமல் விட்டது நெளிவு அடைப்பு { என்றால், அது எந்த வரியில் திறந்தது என்பதையும் 8.0 முதல் சேர்த்துச் சொல்கிறது. ஆனாலும் டெம்ப்ளேட்டில் (எச்டிஎம்எல்லும் பிஎச்பியும் கலந்த கோப்பு) முக்காற்புள்ளியில் (:) தொடங்கி எண்ட்ஃபோர்ஈச்சில் முடிப்பதே நல்லது. எது எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஒன்றில் திறந்து மற்றதில் மூடக் கூடாது.

பிழைச் செய்தியே வராத கோளாறுதான் பொல்லாதது. வரிசைக்கு மூன்று பெட்டி வீதம் பொருள்களைக் காட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை 3ஆல் வகுத்து மீதி 0 ஆனால் வரிசையின் டிவ்வை (பெட்டிகளைச் சூழும் எச்டிஎம்எல் குறி) மூடு என்று எழுதுகிறார்கள். 6 பொருள் இருக்கும்வரை பக்கம் ஒழுங்காக இருக்கும். ஏழாவது சேர்ந்ததும் மூன்றாவது வரிசை மூடாமல் நின்று, பக்கத்தின் அடிப்பகுதி அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பிரவுசரில் பக்கத்தை ஆராயும் கருவியான டெவ்டூல்ஸில் தேடினால் அகப்படாது, பிரவுசர் தானே மூடிக் காட்டிவிடும். கன்ட்ரோல்-யூ அழுத்தி, சர்வர் அனுப்பிய மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். அரேயைத் துண்டாக்கும் அரே_சங்க் கொண்டு மும்மூன்றாகப் பிரித்து, லூப்புக்குள் லூப்பாக எழுதினால் மீதிக் கணக்கே தேவையில்லை.

பட்டியலின் கடைசிப் பொருள் மறைந்து அதற்கு முந்தியது இருமுறை வருகிறதா? முந்தைய ஃபோர்ஈச்சில் & குறி இருக்கிறதா என்று பாருங்கள். லூப் முடிந்த பிறகும் அந்தக் குறி போட்ட மாறி (மதிப்பை ஏற்கும் பெயர்) கடைசி உறுப்போடு பிணைந்தே இருக்கும். அதே பெயரில் அடுத்த லூப் ஓடும்போது ஒவ்வொரு மதிப்பும் அதன் மேல் எழுதப்படும். முதல் லூப் முடிந்ததும் அந்த மாறியை அன்செட் செய்து பிணைப்பை நீக்கிவிட்டால் போதும்.

நிரல்களை நேர் மேற்கோளோடும், உள்தள்ளல் கலையாமலும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணைய நிரலாக்கப் பயிற்றுநர்