இந்தப் பொட்டலத்தோடு ஒரு கடிதம்

கெய்ரோ, நவம்பர் 2025

என் கண்ணே,

மூன்றாம் மாடிப் பெண் பெர்லினுக்குப் படிக்க வருகிறாள். அவளிடம் காய்ந்த முலுக்கியாக் கீரை இரண்டு பொட்டலமும் உன் பாபாவின் ஸ்வெட்டரும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பெட்டியில் இடமே இல்லை என்றாள், கெஞ்சித்தான் வைத்தேன். போனில் நாம் பேசுகிற பேச்சு உனக்கே தெரியும். இங்கே வெயிலா, அங்கே குளிரா, அவ்வளவுதான். யாராவது ஒட்டுக் கேட்பார்கள் என்ற பயத்தில் பழகினது, இப்போது பயம் இல்லாத நேரத்திலும் வேறு பேச்சு வர மாட்டேன் என்கிறது. "எப்படி இருக்கிறாய்?" என்றால் "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறாய். அதற்கு மேல் ஒரு தாய் என்ன கேட்பாள்?

உன் அக்கா நலம். அவள் சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ரேஷன் ரொட்டி போன வருஷம் ஜூனில் 5 பியாஸ்தரிலிருந்து 20 ஆனது, இன்னும் கடையில் பெண்கள் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீ தஹ்ரீர் மைதானத்துக்குப் போன 2011-ல் ஒரு டாலர் 6 பவுண்டுகூட இல்லை, இப்போது 47. பிரமிடு பக்கத்துப் புது அருங்காட்சியகத்தை 1-ம் தேதி திறந்தார்கள், லீவு விட்டார்கள், நான் டிவியில் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

சரி. எழுத வந்தது இதையெல்லாம் இல்லை.

முகமது மஹ்மூத் தெருப் போராட்டத்தில் கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தானே, அவன் போன் செய்தான். அவன்மேல் கோபப்படாதே. உன் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தானாம், நீ கதவைத் திறக்கவில்லையாம். பகலிலும் ஜன்னல் திரை மூடியே இருக்கிறது என்றான். மற்றதை நான் எழுத மாட்டேன்.

திரையை விலக்கு, ஹபீபி. அங்கே இப்போது நாலு மணி தாண்டினாலே இருட்டிவிடுமாமே. இருக்கிற வெளிச்சமாவது உள்ளே வரட்டும். வேளைக்குச் சாப்பிடு. தெருமுனை வரையாவது நடந்துவிட்டு வா.

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. போனும் இல்லை, இணையமும் இல்லை. உன் பையில் வெங்காயமும் வினிகர் பாட்டிலும் கண் கழுவ கோலாவும் வைத்து அனுப்பியது நான்தான். கஸ்ர் அல் நீல் பாலத்தில் போலீஸ் அத்தனை தண்ணீர் பீய்ச்சியும் கண்ணீர்ப்புகை விட்டும் நீங்கள் பின்வாங்கவில்லை. பிப்ரவரி 11 இரவு அதிபர் முபாரக் பதவியை விட்டுப் போய்விட்டார் என்றதும் நான் பால்கனியில் நின்று குலவையிட்டேன். என் குலவையைக் கேட்டு எதிர்வீட்டில் ஒருத்தி, அதற்கடுத்த வீட்டில் ஒருத்தி, தெரு முழுக்க. என் வயிற்றில் பிறந்த பிள்ளை இதைச் செய்தான் என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அந்தப் பாலத்தைத் தாண்டியவனுக்கு ஒரு கதவைத் திறக்க முடியவில்லையா?

இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். உன்னிடம் நான் இப்படித்தானே பேசியிருக்கிறேன். புகழ்ந்த வாயாலேயே குத்தியிருக்கிறேன்.

மைதானத்தில் இப்போது நடுவில் ஒரு பழைய காலத்துக் கல்தூண். சுற்றிலும் கர்னாக்கிலிருந்து கொண்டுவந்த ஆட்டுத்தலைச் சிங்கங்கள் நாலு. காவலுக்கு ஆள் நிற்கிறார்கள். புரட்சி தொடங்கிய ஜனவரி 25 நெருங்கினால் நடந்து போகிற பிள்ளைகளின் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். நீங்கள் படம் வரைந்த சுவரில் ஒரு பகுதியை இடித்தே பத்து வருஷமாகிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. போனால் அன்று நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைக் கண் தேடுகிறது.

கச்சேரியில் வானவில் கொடி தூக்கியதற்காக உள்ளே போட்டார்களே ஒரு பெண்ணை, கனடா வரைக்கும் போயும் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாளே. 2020 ஜூன். அப்போது நம் கட்டடத்துப் பெண்கள் அவளைப் பேசிய பேச்சுக்கெல்லாம் நானும் தலையாட்டினேன். இந்த ஒரு மாதமாக அவள் முகம் என்னைத் தூங்க விடவில்லை. ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும். உனக்கும் அப்படித் தோன்றுகிறதா என்ற அந்தக் கேள்வியை எழுதத்தான் மூன்று இரவாக உட்காருகிறேன். நீ ஆமாம் என்று சொன்னாலும் நான் அலற மாட்டேன். பாவம் என்று பிரசங்கம் செய்ய மாட்டேன். நடுராத்திரியானாலும் கூப்பிடு, அந்த ஒற்றைக் கண்ணனையாவது கூப்பிடு. தனியாக மட்டும் இருக்காதே.

லைலா சூயிஃபின் மகன், போராளி அலா, சிறையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான், பார்த்திருப்பாய். அவனுடைய ஐந்து வருஷம் போன வருஷம் செப்டம்பர் 29-ல் முடிந்தது. விடவில்லை. மறுநாளே அந்த அம்மா சாப்பாட்டை நிறுத்தினார். 68 வயதில், ஒன்பது மாதத்துக்கு மேல். லண்டன் ஆஸ்பத்திரியில் சாவைத் தொட்டுவிட்டு வந்தார். இந்த செப்டம்பரில் மகனைக் கட்டிப்பிடித்த படத்தைப் பார்த்து எல்லோரும் அழுதோம். நான் அழுததற்குக் காரணம் வேறு. அந்த அம்மா பிள்ளைக்காக ஊரறியப் பட்டினி கிடந்தார். நான் என் பிள்ளைக்கு என்ன செய்தேன்?

நீ சிறையில் பதினாலு மாதம் இருந்துவிட்டு வெளியே வந்த 2015-ஐச் சொல்கிறேன். "மக்னூக், அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். மூச்சு முட்டுகிறது என்ற பிள்ளையிடம் ஜன்னலைத் திற என்றேன். பார், இப்போதும் அதையேதான் எழுதியிருக்கிறேன். உயிரோடு வந்தாயே, எத்தனை பேர் பிள்ளையைப் பிணமாக வாங்கினார்கள், நன்றி சொல் என்றேன். ஷேக் ஒருவரைக் கூட்டிவந்து ஓதச் சொன்னேன். நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய், எனக்காக.

அப்புறம் நீயாகவே ஒரு டாக்டரிடம் போனாய். எனக்குச் சொல்லவில்லை. பெருநாளுக்கு முந்தின வாரம் தலையணை உறையை மாற்றும்போது மாத்திரை அட்டையும் சீட்டும் கிடைத்தன. அடுத்த வெள்ளி உன் அக்காவுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கு வரப்போகிறார். இந்த வீட்டுப் பிள்ளை பைத்தியக்கார மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தால், அப்பாஸியாவின் மஞ்சள் அரண்மனைக்கு, அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அடுத்து போவான் என்று சொன்னால்? சீட்டைக் கிழித்தேன். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கழிப்பறையில் போட்டேன். பதினெட்டு. எண்ணிக்கொண்டே போட்டேன்.

அன்று ராத்திரி நீ தேடினாய். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாய். "பார்த்தியா அம்மா?" என்றாய். நான் "எதை?" என்றேன்.

நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். உனக்குத் தெரியும், இல்லையா? அதற்குப் பிறகுதான் நீ என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்தினாய். சிறைதான் என் பிள்ளையை ஊமையாக்கிவிட்டது என்று பத்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். சிறையிலிருந்து வந்தபோதும் நீ பேசிக்கொண்டுதான் இருந்தாய்.

அந்த வாரம் தலை சுற்றுகிறது, உடம்புக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். கண் பட்டிருக்கிறது என்று படிகாரம் பொசுக்கிப் புகை காட்டினேன். 1973 போரிலிருந்து பாபா திரும்பி வந்து ராத்திரியெல்லாம் கத்தியபோது உன் தேத்தா பாட்டியும் அப்படித்தான் பொசுக்கினாள். முப்பது வருஷம் நான் அவர் பக்கத்தில் படுத்து அந்தக் கத்தலைக் கேட்டவள். எனக்குத் தெரியாமல் இல்லை.

சித்திரவதைப்பட்டவர்களுக்காக 1993-லிருந்து டாக்டர்கள் நடத்திய நதீம் மையம் அப்போது திறந்துதான் இருந்தது. 2017 பிப்ரவரியில் போலீஸ் அதற்கு சீல் வைத்த பிறகு, "அங்கே கூட்டிப்போக நினைத்தேன், மூடிவிட்டார்களே" என்று சொல்லத் தொடங்கினேன். பொய். திறந்திருந்த நாளில் அந்தத் தெருவுக்கே நான் போகவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால், மன்னிக்க வேண்டிய வேலையும் உன் தலையில் விழும். அதனால் எழுதவில்லை.

இந்த மார்ச்சில் நான் டாக்டரிடம் போனேன். ஆமாம், நான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அக்காதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ஒரு மாத்திரை, ராத்திரி. மாப்பிள்ளைக்கும் தெரியும். குடிமுழுகிவிடவில்லை. இதற்காகவா பதினெட்டையும் தண்ணீரில் விட்டோம் என்று இருக்கிறது. அதையும் டாக்டரிடம் சொன்னேன். அப்படிச் சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றத்தான் செய்யும், நிறுத்துவதென்றாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார்.

நாடு இப்படிக் கிடக்கும்போது மாத்திரை என்ன செய்யும் என்று நீ ஒருமுறை கேட்டாய். அதையே நானும் அவரிடம் கேட்டேன். "நாட்டுக்கு என்னிடம் மருந்தில்லை, உங்கள் தூக்கத்துக்கு இருக்கிறது" என்றார். உள்ளே இன்னும் கிடக்கிறானே உன் தோழன், இரண்டு வருஷக் காவல் முடிகிற அன்றே இன்னொரு வழக்கில் சுழற்றிப் போட்டார்களே, அவன் அம்மாவை மாதம் ஒருமுறை பார்க்கிறேன். "உங்கள் பிள்ளை சிரிக்கிறானா?" என்று முதலில் கேட்பாள். சிரிக்கிறான் என்பேன். அவள் முகம் தெளிகிறது. நீ அங்கே இருட்டில் உட்கார்ந்திருப்பதால் அவர்கள் யாருக்கும் ஒரு நாள்கூடக் குறையப்போவதில்லை, கண்ணே.

ஸ்வெட்டர் பையில் ஒரு சீட்டு இருக்கிறது. அரபி பேசும் டாக்டர் ஒருவரின் விலாசம், மூன்றாம் மாடிப் பெண் தேடி எழுதிக் கொடுத்தாள். இந்தச் சீட்டை யாரும் கிழிக்க மாட்டார்கள்.

முலுக்கியாவைச் சூடான கோழிச்சாறில் போட்டுக் கிளறு. பொங்கிக் கொதிக்க விடாதே, இலை அடியில் தங்கிவிடும். பூண்டு நிறையத் தட்டி, காய்ந்த கொத்தமல்லிப் பொடியோடு நெய்யில் வறு. அதைக் கொட்டும்போது இழுக்கிற மூச்சை மறந்துவிடாதே. என் அம்மாவும் இழுத்தாள், நானும் இழுத்தேன். நீ சமையலறை வாசலில் நின்று எனக்கு முந்தி இழுத்துவிட்டுச் சிரிப்பாய்.

பூண்டு சிவக்க ஆரம்பித்ததும் எனக்குப் போன் போடு. ஒன்றும் பேச வேண்டாம். நானும் இங்கே அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அம்மா