கடன் மேசையில் தெரியட்டும் வங்கியின் பொறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வங்கிகளின் வருடாந்த அறிக்கைகளில் சமூகப் பொறுப்புக்கென்றே பல பக்கங்கள். மரநடுகை, பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, இரத்ததான முகாம். நல்ல காரியங்கள்தான். ஆனால் கொழும்பில் நீண்டகாலம் கடன் பிரிவில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பொறுப்பு முதலில் தெரியவேண்டிய இடம் கடன் மேசை.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்த சிறு வியாபாரிகளின் தவணை எகிறியது. செட்டியார் தெருவில் எனக்குத் தெரிந்த நகைப் பட்டறைக்காரர் ஒருவரை அவருடைய வங்கி கூப்பிட்டுப் பேசி, சில காலம் வட்டியை மட்டும் கட்டச் சொன்னது. இன்று தவணை தவறுவதில்லை; பிள்ளைகளின் வைப்பும் அங்கேதான். பக்கத்துப் பட்டறைக்காரருக்கு இன்னொரு வங்கி அனுப்பியதெல்லாம் ஆங்கிலத்தில் பதிவுத் தபால். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. கடைசியில் பட்டறையே மூடப்பட்டது. அப்படித் திரும்பி வராமல் போகக்கூடிய கடனுக்கு ஈடாக வங்கி தன் இலாபத்திலிருந்துதான் பணம் ஒதுக்கவேண்டும்.

சமூகப் பொறுப்பு இலாபத்தைக் கூட்டுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே முடிவு இல்லை. நன்கொடைத் தொகையை மட்டும் அளந்தால் எப்படித் தெரியும்?

எத்தனை கடன்களின் தவணையை இப்படி மாற்றி மறுசீரமைத்தார்கள், அதில் எத்தனை மீண்டன, கடிதங்கள் வாடிக்கையாளரின் மொழியில் போகின்றனவா என்பதையும் வங்கிகள் அறிக்கையில் போடவேண்டும். பங்குதாரர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்கவேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13