விழுந்தாலும் வலிக்காத மண் தந்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூட நாளில்கூட விளையாடாத பெண்கள் முப்பது, நாற்பது வயதில் கபடி ஆட வரும்போது, முதல் வாரத்திலேயே அவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புபவை இரண்டு: முட்டியில் உரியும் தோலும், நாலு பேர் முன்னால் விழுகிற கூச்சமும். அந்த இரண்டையும் தடுத்தவர்கள் நீங்கள். யார் என்ன செய்தீர்கள், அது எதற்கு உதவியது என்று விவரமாகச் சொன்னால்தான் நன்றி முழுமையாகும்.

களத்துமேட்டைக் கொடுத்த ஐயாவுக்கு முதல் நன்றி. பெண்களுக்கான ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நெல் அடித்து இறுகிய தரையில் அப்படியே ஆடினால் முழங்கை தாங்காது. ஓர் அடி ஆழம் கொத்தி, கல், ஓட்டாஞ்சில்லு பொறுக்கி, மேலே அரை அடிக்குச் சலித்த செம்மண் பரப்ப வேண்டும். அதற்கு ஐந்து யூனிட், அதாவது சுமார் ஐந்நூறு கன அடி மண் பிடிக்கும். மிதிபட்டால் அமுங்கும் என்று ஆறாகக் கொண்டுவந்து இறக்கினார் டிராக்டர் அண்ணன். மரவாடிக்காரர் மரத்தூளை ஆணி, சிராய் இல்லாமல் சலித்துக் கொடுத்தார். எருவும் கலப்பது பழைய வழக்கம். சாணத்தில் டெட்டனஸ் கிருமி இருக்கும் என்று அதைத் தடுத்து, எல்லோருக்கும் தடுப்பூசிக் கணக்கைப் பார்த்துப் போட்டுவிட்ட செவிலியர் அக்காவுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

முந்தின நாள் மாலையே தண்ணீர் தெளித்து வைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பக்குவம் எளிதல்ல. ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். காய்ந்தால் சிராய்க்கும், சேறானால் கால் வழுக்கிப் பிசகும்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வாங்க இருந்தோம். நீறாத சுண்ணாம்பு வியர்வையில் பட்டால் தோல் வெந்துபோகும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. கோலமாவு போதும் என்று சொல்லி மூட்டையோடு கொடுத்த கடைக்கார அம்மாவை மறக்க மாட்டோம். கயிறு பிடித்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு குறுக்களவும் 14.42 மீட்டர் வருகிறதா என்று பார்த்தவர் கொத்தனார் அண்ணன். நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில், ‘கபடி’ பாடி எதிரணிப் பக்கம் போகிறவர் பொதுவாகத் தாண்டித் திரும்ப வேண்டிய தொடுகோடு; 4 மீட்டரில், கூடுதல் புள்ளி எடுக்க உதவும் போனஸ் கோடு. புதியவர்கள் ஆட்டத்தைக் கண்ணால் படிப்பதே இந்தக் கோடுகளை வைத்துத்தான்; கோணினால் எல்லாம் கோணும்.

இனி மாஸ்டருக்கு. முதல் இரண்டு வாரம் யாரையும் பாடிப் போக விடாமல் விழ மட்டுமே பழக்கினீர்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, தோளைச் சுருட்டி உருள வேண்டும். கையை விறைப்பாக ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். கணுக்காலைப் பிடிக்கும்போது இரண்டு கையும் சேர வேண்டும், தலை பாடுபவரின் முழங்காலுக்கு வெளியே இருக்க வேண்டும். ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலி போட்டு நிற்கையில் விரல்களைக் கோக்கக் கூடாது, எதிராளி திமிறினால் விரல்தான் முதலில் முறுக்கும். மூச்சுப் பயிற்சியையும் பத்து விநாடியில் தொடங்கினீர்கள். எடுத்த எடுப்பில் கத்தினால் பாதியிலேயே தம் தீர்ந்துவிடும். நடுவருக்குக் கேட்கிற அளவில், ஒரே சீராக, நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே ‘கபடி கபடி’ தொடங்க வேண்டும். ஒரு முறை பாடிப் போக அனுமதிக்கும் முப்பது விநாடியும் பாடித் திரும்பியவர்களின் முகத்தை நீங்களே பார்த்தீர்கள். அதற்காகத்தான் இவ்வளவும்.

இன்னொன்றும் உங்களால் விளங்கியது. அவுட் ஆனவர், எதிரணியில் ஒருவர் அவுட் ஆனதும் திரும்ப உள்ளே வரலாம். அதுவும் வெளியே போன வரிசையிலேயே. போனஸ் புள்ளிக்கு அந்தச் சலுகை கிடையாது. புதிதாக வந்தவர்தான் பெரும்பாலும் முதலில் வெளியே போகிறார், அப்படியானால் முதலில் திரும்பி வருவதும் அவரே. கோட்டோரம் உட்கார்ந்து, தன்னை மீட்கப் பாடிப் போகிறவரின் பெயரைச் சொல்லிக் கூவுகிறார். ஒரே தெருவில் பல வருடம் இருந்தும் பெயர் தெரியாமல் ‘அவங்க வீட்டுக்காரம்மா’ என்றே அழைத்துக்கொண்டவர்கள் இவர்கள். தனியாக நடைப்பயிற்சி போனால் இது கிடைக்குமா?

வளையல், மூக்குத்தி, மெட்டி எதுவும் களத்துக்குள் ஆகாது. பிறர் தோலைக் கிழிக்கும், அணிந்தவர் விரலையும் வெட்டும். கழற்றி எங்கே வைப்பது என்ற கவலையிலேயே சிலர் தயங்கினார்கள். ஆளுக்கொரு சுருக்குப்பை தைத்துப் பெயர் போட்டுக் கொடுத்த தையல்கார அக்காவும், அந்தப் பைகளை மடியில் வைத்துக் காவல் இருக்கும் பாட்டியும் இல்லையென்றால் அணியில் ஏழு பேர் சேர்ந்திருக்கமாட்டார்கள்.

சுளுக்குக்கு உடனே எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கால் மணி நேரம் வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள் என்று செவிலியர் அக்கா எழுதித் தந்த தாள், களத்துக் கொட்டகைத் தூணில் ஒட்டியிருக்கிறது. தினமும் ஐஸ் தரும் மீன்கடை அண்ணனுக்கும் நன்றி.

மழைக்கு முன்னால் மண்ணை ஒருமுறை கிளறிவிட வேண்டும். மண்வெட்டி இருப்பவர்கள் ஞாயிறு காலை வாருங்கள். காபி எங்கள் பொறுப்பு.

நன்றியுடன்,
பெண்கள் மாலைநேரக் கபடிப் பயிற்சிக் குழுவினர்